வட்டத்துக்குள்ள நின்ன ராஜா: கடன் வசூலுக்குச் சட்டம் கிழிச்ச கோடுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடங்கல்களும் திரும்பத் திரும்ப வந்த வரிகளும் மட்டும் நீக்கப்பட்டிருக்கின்றன.)

லோன் வசூல் ஏஜென்ட் எதுவரைக்கும் போகலாம், எங்க நிக்கணும்னு சட்டம் சொல்லுது? உங்க மெசேஜ்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. நேரடிப் பதில் ஒரு பக்கத்துல முடிஞ்சுடும், கடைசியில சொல்றேன். ஆனா அந்தப் பதில் உருவான கதை எழுநூறு வருஷத்துக்கு நீளுது. அதுவும் நம்ம கடற்கரையில இருந்தே ஆரம்பிக்குது.

1290-கள்ல, சீனாவுல இருந்து ஊர் திரும்பற வழியில மார்க்கோ போலோ சோழமண்டலக் கரைக்கு வர்றார். இந்த நாட்டை அவர் ‘மாபார்’னு எழுதறார். அப்ப இங்க பாண்டியர் ஆட்சி. முத்துக்குளிப்பு, கப்பல்ல வந்து இறங்கற குதிரைங்கன்னு பார்த்ததையெல்லாம் எழுதிட்டே வர்றவர், கடன் வசூல் பத்தியும் ஒரு விஷயம் எழுதி வெச்சிருக்கார். ஒருத்தர் கடன் வாங்கிட்டு, இன்னிக்குத் தரேன் நாளைக்குத் தரேன்னு இழுத்தடிக்கிறார்னு வைங்க. கொடுத்தவர் அவரை எங்கயாவது மடக்கி, அவரைச் சுத்தித் தரையில ஒரு வட்டம் போட்டுட்டா முடிஞ்சுது. பணத்தைக் கொடுக்கணும், இல்லன்னா ஜாமீன் சொல்லணும். அதுவரைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா மரண தண்டனை.

இதை நானே கண்ணால பார்த்தேன்னு சொல்றார் மார்க்கோ போலோ. அவர் பார்த்தப்ப வட்டத்துக்குள்ள நின்னது அந்த நாட்டு ராஜா! வெளிநாட்டு வியாபாரி ஒருத்தருக்கு ராஜா பணம் பாக்கி. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வியாபாரி, ராஜா குதிரையில வர்றப்ப குதிரையையும் சேர்த்துச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டார். ராஜா குதிரையை நிறுத்தினவர்தான், வியாபாரிக்குப் பணம் செட்டில் ஆகற வரைக்கும் நகரவே இல்லையாம்.

மார்க்கோ போலோ சொன்னதையெல்லாம் அப்படியே நம்பணுமான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா 1500-களோட தொடக்கத்துல கோழிக்கோட்டுக்கு வந்த வர்த்தேமாங்கற இன்னொரு இத்தாலிக்காரரும் இதே வழக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கார். அங்க வட்டம் போட்டது பச்சை மரக்கிளையால. அதனால தென்னிந்தியாவுல இப்படி ஒரு வழக்கம் இருந்ததுன்னு நம்ப இடம் இருக்கு.

எனக்கு இதுல பிடிச்சது ராஜாவோட நேர்மை இல்ல, அந்த வட்டம்தான். கயிறு கிடையாது, பூட்டு கிடையாது. ஊர் பார்த்துட்டு இருக்குங்கறதே பாதிக் காவல். ஆனா அந்த வட்டத்துக்கு ஒரு அளவு இருந்தது. உள்ள நிக்கறது கடன் வாங்கினவர் மட்டும்தான். அவர் தம்பி, மாமனார், கூட வேலை பார்க்கறவங்க எல்லாரும் வெளியில. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இன்னொரு வழக்கம் தர்ணா. இன்னிக்கு நாம போராட்டத்துக்குச் சொல்ற அதே சொல்தான். அந்தக் காலத்துல வட இந்தியாவுல தர்ணான்னா, பாக்கிப் பணம் வர வேண்டியவர் கடன் வாங்கினவரோட வாசல்ல வந்து பட்டினியா உட்கார்றது. உட்கார்றவர் பிராமணரா இருந்தா இன்னும் பயம். அவர் அங்கயே செத்துப் போனா அந்தப் பாவம் வீட்டுக்காரர் தலையில விழும்னு நம்பினாங்க. பணம் வர வேண்டியவங்க அதுக்காகவே ஒரு பிராமணரைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சதும் உண்டு. வசூல் ஏஜென்ட் தொழிலுக்கு எவ்வளவு பழைய வேர் பாருங்க.

ஆங்கிலேயர் ஆட்சி இதைக் குற்றமாக்குச்சு. 1860 இந்திய தண்டனைச் சட்டத்தோட 508-வது பிரிவு, சாமி குத்தம் வந்துடும்னு நம்ப வெச்சு ஒருத்தரை ஒரு காரியம் செய்ய வைக்கறது தப்புன்னு சொல்லுது. அதுக்குச் சட்டமே கொடுத்த உதாரணம், இன்னொருத்தர் வீட்டு வாசல்ல தர்ணா உட்கார்றதுதான். 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் 354-வது பிரிவா அது தொடருது.

ஆனா ஒரு கையால வாசலைக் காப்பாத்தின அதே ஆட்சி, இன்னொரு கையால ஜெயில் கதவைத் திறந்து வெச்சுது. கடன் கட்டாதவரை உள்ள போடறது இங்கிலாந்துல சர்வ சாதாரணம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸோட அப்பாவே 1824-ல லண்டன் மார்ஷல்சீ சிறையில இருந்தவர்தான். மகனுக்கு அப்ப 12 வயசு, ஷூ பாலீஷ் தயாரிக்கற இடத்துல வேலை பார்த்தார். 1869-ல இங்கிலாந்து இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டுச்சு. இந்தியாவுல இருந்த சிவில் கோர்ட்டுங்க கைவிடல. கையில டிக்ரி இருந்தா ஜப்தியும் பண்ணலாம், ஆளையும் பிடிக்கலாம்.

இதுக்கு எதிரா வெடிச்சது தக்காணம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்ப இந்தியப் பருத்திக்கு விலை எகிறுச்சு. போர் முடிஞ்சதும் விலை விழுந்துச்சு, நிலவரி மட்டும் ஏறுச்சு. கடன் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாமலே கைநாட்டு வெச்ச விவசாயிங்க கோர்ட்டுல தோத்துட்டே இருந்தாங்க. 1875 மே 12, புனே மாவட்டத்துல இருக்கற சூபா கிராமத்துல கூட்டம் கூடி வட்டிக்காரங்க வீடுகளுக்குள்ள புகுந்துச்சு. அவங்க குறி கடன் பத்திரமும் கணக்குப் புத்தகமும். கிடைச்சதைத் தெருவுல போட்டுக் கொளுத்தினாங்க. கலவரம் புனே, அகமதுநகர் மாவட்டங்கள்ல பல ஊர்களுக்குப் பரவுச்சு. நாலு வருஷம் கழிச்சு, 1879-ல தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. விவசாயியைக் கடனுக்காக ஜெயில்ல போட முடியாது. பத்திரத்துல எழுதின தொகையை அப்படியே நம்பாம, உண்மையில எவ்வளவு கைமாறுச்சுன்னு கோர்ட் நோண்டிப் பார்க்கலாம்.

நம்ம பக்கம் அந்த மாதிரி பெரிய சட்டம் வர 1938 ஆச்சு. ராஜாஜி மெட்ராஸ் மாகாணப் பிரதமரா இருந்தப்ப வந்த விவசாயிகள் நிவாரணச் சட்டம் அது. பழைய கடன்ல, வாங்கின அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியாச்சுன்னா கடன் தீர்ந்ததுன்னு அர்த்தம். வட்டிக்காரங்க சும்மா இருப்பாங்களா? கோர்ட்ல வருஷக்கணக்கா இழுத்தாங்க. அது தனி எபிசோடுக்கான கதை.

இப்ப நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடத்துக்கு வர்றேன். 1908 சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 60. இன்னிக்கும் நடைமுறையில இருக்கற சட்டம் இது. பணம் கட்டணும்னு கோர்ட் தீர்ப்பு கொடுத்த பிறகும் எதையெல்லாம் ஜப்தி பண்ணக் கூடாதுன்னு ஒரு பட்டியல் போடுது. சட்டப் புத்தகத்துல ஒரு வீட்டோட உள்பக்கம் தெரியற அபூர்வமான இடம். தேவையான துணிமணி. சமையல் பாத்திரம். படுக்கை. கைத்தொழில் செய்யறவரோட கருவிங்க. விவசாயியோட ஏர், மாடு, விதை நெல். அப்புறம், மத வழக்கப்படி ஒரு பெண் உடம்புல இருந்து கழட்டக் கூடாத நகை. தாலின்னு பேர் சொல்லல, ஆனா தாலியை மனசுல வெச்சுதான் எழுதியிருக்காங்கன்னு நமக்குப் புரியும்.

அடுத்தடுத்த பிரிவுகளையும் பாருங்க. பொருளை ஜப்தி பண்ண வர்ற அமீனா, சூரியன் மறைஞ்ச பிறகும் உதிக்கறதுக்கு முன்னாடியும் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. பணம் கட்டணும்ங்கற தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது பண்ணக் கூடாது. ஆம்பளையை ஜெயிலுக்கு அனுப்பணும்னா, உள்ள அவர் சாப்பாட்டுச் செலவை வழக்குப் போட்டவர் முன்கூட்டியே கோர்ட்ல கட்டணும். அதாவது உங்களை உள்ள தள்ளினவர்தான் உங்களுக்குச் சோறு போடணும். இதைப் படிச்சதும் நான் கொஞ்சம் சிரிச்சேன்.

மாசச் சம்பளக்காரங்க கவனிக்க வேண்டிய வரியும் இதே பிரிவுல இருக்கு. கோர்ட் தீர்ப்போட வந்தாலும் முழுச் சம்பளத்துல கை வைக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும், மீதியில மூணுல ரெண்டு பங்கும் உங்களுக்கு. 40,000 ரூபாய் சம்பளம்னா 27,000 உங்க கையில, அதிகபட்சம் 13,000தான் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாசம் பிடிச்சாச்சுன்னா, அந்தத் தீர்ப்புக்கு அதுக்கு மேல பிடிக்க முடியாது. பி.எஃப். பணத்தைத் தொடவே முடியாது. ஜீவனாம்ச வழக்குக்கு இந்தக் கணக்கு வேற. நான் சொல்றது சாதாரணக் கடனுக்கு.

இவ்வளவு கவனமா பாத்திரத்தையும் படுக்கையையும் எண்ணின சட்டம், ஒண்ணை மட்டும் எண்ணவே இல்ல. மானம். எண்ணாதது கூடப் பரவாயில்ல, அதையே ஆயுதமாவும் எடுத்துக்குச்சு. வீடோ நிலமோ ஜப்தி ஆகும்போது அதை அந்த இடத்துலயே தமுக்கடிச்சோ ஊர் வழக்கப்படி வேற விதமாவோ அறிவிக்கணும்னு இதே சட்டத்தோட விதி சொல்லுது. தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. ‘வீட்டுக்கு அமீனா வந்தான்’ங்கற வாக்கியத்தை அவங்க எந்தக் குரல்ல சொல்றாங்கன்னு கவனிங்க.

மஞ்சக் கடுதாசி கதையும் இதேதான். 1909-ல மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா நகரங்களுக்குன்னு திவால் சட்டம் வந்தது, 1920-ல மத்த ஊர்களுக்கு. என்னால கட்ட முடியலன்னு கோர்ட்ல சொல்லி, இருக்கற சொத்தை ஒப்படைச்சுட்டு, மிச்சக் கடன்ல இருந்து விடுதலை கேட்கற உரிமை அது. ஆனா நம்ம பேச்சுல ‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’னா அது வசவு. சட்டம் கொடுத்த வெளி வாசல்ல ஊர் வந்து நின்னுக்குச்சு. தமிழ்ல ‘கடன்காரன்’னா கொடுத்தவரும் கடன்காரன், வாங்கினவரும் கடன்காரன்தான். திட்டு மட்டும் எப்பவும் வாங்கினவருக்கு.

மானத்தை வெச்சு வசூல் பண்றதுக்கு நம்ம நகரங்கள்ல ஒரு உருவம் இருந்தது: ஈட்டிக்காரன். ஆப்கானிஸ்தான் பக்கத்துல இருந்து வந்து, அடமானம் இல்லாம கைமாத்துக் கொடுத்து, சம்பள நாளன்னிக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. ‘ஈட்டிக்காரன் மாதிரி வந்து நிக்கறான்’னு இன்னிக்கும் சொல்றோமே, அது அங்க இருந்து வந்ததுதான். 1929-ல விட்லி தலைமையில போட்ட தொழிலாளர் ராயல் கமிஷன், 1931-ல கொடுத்த அறிக்கையில இவங்களைப் பத்தி எழுதுச்சு. மில் வாசல்ல தடியோட காத்திருக்காங்க, தொழிலாளி சம்பளத்தோட வெளியில வந்ததும் பிடிச்சுக்கறாங்க, கோர்ட்டுப் பக்கமே போறதில்லன்னு. வேலை செய்யற இடத்தை முற்றுகை போட்டுக் கடன் வசூலிக்கறதைக் குற்றமாக்கணும்னு கமிஷன் பரிந்துரை பண்ணுச்சு. 1934-ல வங்காளம் அப்படி ஒரு சட்டம் போட்டுச்சு. வசூலிக்க வர்றவர்கிட்ட ‘நீ இந்த இடத்துல நிக்கக் கூடாது’ன்னு சட்டம் சொன்ன தொடக்க காலம் இது.

அதே கமிஷன், கட்ட வசதி இருந்தும் கட்ட மறுக்கறவரைத் தவிர மத்த தொழிலாளிங்களைக் கடனுக்காக ஜெயில்ல போடக் கூடாதுன்னும் கேட்டுச்சு. 1936-ல சிவில் நடைமுறைச் சட்டத்துல இதை ஒட்டி ஒரு திருத்தம் வந்தது. ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, ஏன் அனுப்பக் கூடாதுன்னு அவர்கிட்ட விளக்கம் கேட்கணும். அனுப்பினா காரணத்தை எழுதி வைக்கணும்.

அது நடைமுறையில எவ்வளவு மெதுவா இறங்குச்சுன்னா, 1980-லயும் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கேரளாவுல இருந்து வந்த வழக்கு. கொச்சின் வங்கிக்கு ரெண்டு பேர் பணம் கட்டணும்னு தீர்ப்பு, கட்டாததால வாரண்ட். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முன்னாடி வந்தது. 1957-ல ஈ.எம்.எஸ். அமைச்சரவையில சிறைத்துறையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். முந்தின வருஷம்தான், 1979-ல, இந்தியா சர்வதேச சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை ஏத்துக்கிட்டிருந்தது. ஒப்பந்தப்படி கட்ட முடியலங்கற ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில வைக்கக் கூடாதுங்கறது அதோட 11-வது விதி. கிருஷ்ணய்யர் அதையும் அரசியல் சாசனத்தோட 21-வது பிரிவையும் பக்கத்துல வெச்சுப் படிச்சார். ஏழையா இருக்கறது குத்தமில்ல. எப்பவோ கட்ட வசதி இருந்ததுங்கறது மட்டும் போதாது; கெட்ட எண்ணத்தோட ஏமாத்தறார்னு காட்டணும்னு தீர்ப்பு எழுதினார்.

‘நாளைக்குள்ள கட்டலைன்னா போலீஸ் வீட்டுக்கு வரும்’னு வர்ற போனுக்கு இதுதான் பதில். கடனைக் கட்ட முடியாம போறது சிவில் விவகாரம். இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். செக் கொடுத்து அது திரும்பினா, 1989 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கற 138-வது பிரிவுப்படி அது குற்ற வழக்காகலாம். இ.எம்.ஐ.க்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் பணமில்லாம திரும்பினாலும் 2007 சட்டப்படி அதே மாதிரிதான். பொய் ஆவணம் காட்டி லோன் வாங்கினா மோசடி. ஆக, ‘லோனுக்காக யாரையும் ஒண்ணும் பண்ண முடியாது’ன்னு யூட்யூப்ல ஒருத்தர் சொன்னா அதையும் நம்பாதீங்க.

1990-களுக்கு அப்புறம் தனியார் பேங்க், கிரெடிட் கார்டு, பைக் லோன். வசூல் வேலை பேங்க் ஊழியர்கிட்ட இருந்து வெளி ஏஜென்சிக்குப் போச்சு, வசூலானாத்தான் கமிஷன்னு ஆச்சு. ஈட்டிக்காரன் டை கட்டிக்கிட்டு வந்தான்னு சொல்லலாம், டை இல்லாமலும் வந்தாங்க. 2003 மே மாசம் ரிசர்வ் பேங்க், நேரங்கெட்ட நேரத்துல தொல்லை கொடுக்கறது, ஆள்பலம் காட்டறது எல்லாம் கூடாதுன்னு எழுதுச்சு. 2005 நவம்பர்ல வந்த கிரெடிட் கார்டு விதியில ஒரு முக்கியமான வரி இருக்கு: பொது இடத்துல அவமானப்படுத்தறதும், குடும்பம், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவங்க ஆகியோரோட தனிமையில தலையிடறதும் கூடாது. பாத்திரம், படுக்கை, தாலி எல்லாம் 1908-லயே பட்டியல்ல வந்தாச்சு. மானம் இந்த மாதிரி விதிக்குள்ள வர நூறு வருஷம் ஆச்சு.

விதி வந்தா ஊர் மாறிடுமா? 2007 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம், அடியாள் வெச்சு வண்டியைப் பிடுங்கறது நாகரிகமான சமூகத்துல நடக்கக் கூடாது, சட்டப்படிதான் போகணும்னு ஒரு பெரிய தனியார் பேங்குக்குச் சொல்லுச்சு. அடுத்த வருஷமே, வசூல் ஆளுங்க பண்ணின தொந்தரவுக்கு அப்புறம் டில்லியில ஒரு இளைஞர் தற்கொலை பண்ணிக்கிட்ட வழக்கு அதே கோர்ட்டுக்கு வந்தது. 2008 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் விரிவான சுற்றறிக்கை போட்டுச்சு. ஏஜென்டுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வேணும். வரும்போது பேங்க் கொடுத்த அங்கீகாரக் கடிதம், நோட்டீஸ் காப்பி, அடையாள அட்டை வெச்சிருக்கணும். வாடிக்கையாளரோட புகார் நிலுவையில இருக்கும்போது, புகார் வெட்டிப் புகார்னு பேங்க் நம்பறதுக்குக் காரணம் இருந்தாலொழிய, கேஸை ஏஜென்சிக்குத் தள்ளக் கூடாது.

தமிழ்நாட்டுல பேங்குக்கு வெளியில இன்னொரு உலகம் ஓடிட்டு இருந்தது. 2003-ல சட்டமன்றம் அதீத வட்டித் தடைச் சட்டம் போட்டுச்சு. நாம கந்துவட்டிச் சட்டம்னு சொல்றது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு தெருவுல புழங்கற சொற்களை அப்படியே சட்டத்துக்குள்ள கொண்டு வந்த சட்டம். மூணு வருஷம் வரை சிறை. தொந்தரவு தாங்காம கடன் வாங்கினவரோ குடும்பத்தாரோ உயிரை விட்டா, தற்கொலைக்குத் தூண்டினதா எடுத்துக்கலாம்னும் அதுல இருக்கு. அதுக்கு 14 வருஷம் கழிச்சு, 2017 அக்டோபர் 23, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, ரெண்டு சின்னக் குழந்தைங்க தீயில இறந்தாங்க. கந்துவட்டித் தொந்தரவுன்னு அதுக்கு முன்னாடியே அதே ஆபீஸ்ல மனு கொடுத்திருந்தாங்க. சட்டம் புத்தகத்துல இருந்தது. இதுக்கு மேல அதை விவரிக்க எனக்கு விருப்பமில்ல.

மானத்தையே ஜாமீனா வெச்சுக் கடன் கொடுத்தது குழு லோன். அஞ்சு பத்துப் பெண்கள் சேர்ந்து வாங்கணும், ஒருத்தர் கட்டலைன்னா மத்தவங்க கட்டணும். வசூலிக்க வர்றவர் குரலே உயர்த்த வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா பார்ப்பாங்க, அது போதும். இதுல பெண்களுக்கு முதல் தடவையா கடன் கிடைச்சதும் உண்மை. ஆனா ஒன்றுபட்ட ஆந்திராவுல நாலஞ்சு கம்பெனிங்க ஒரே பெண்ணுக்குக் கொடுத்து, வாராவாரம் வசூல்னு போய், தற்கொலைச் செய்திங்க வர ஆரம்பிச்சதும் 2010 அக்டோபர்ல மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. தவணை மாசத்துக்கு ஒரு தடவைதான், வசூல் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி பொது இடத்துலதான். விளைவு ரெண்டு பக்கமும் வெட்டுச்சு. வசூல் படுத்துடுச்சு, கம்பெனிங்க ஒதுங்கிட்டாங்க, அவசரச் செலவுக்குப் பழைய வட்டிக்காரர் கதவைத் தட்ட வேண்டியதாச்சு. இந்தச் சட்டத்தை முழுசாப் பாராட்டவும் எனக்கு மனசு வரல, குறை சொல்லவும் வரல.

அப்புறம் 2020. லாக்டவுன், சம்பளம் இல்ல, போன்ல அஞ்சு நிமிஷத்துல லோன். ஆப் கேட்ட அனுமதிக்கெல்லாம் ஓ.கே. அழுத்தினவங்களுக்கு, ஏழு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது எதை அடமானம் வெச்சோம்னு. கான்டாக்ட் லிஸ்ட். அந்தச் சமயத்துல எனக்கே ஒரு கால் வந்தது. “உங்க ஃப்ரெண்ட் உங்க நம்பரைக் கொடுத்திருக்கார், அவர் ஏமாத்துக்காரர், நீங்க கட்டுங்க”ன்னு ஒரு குரல். அந்த ‘ஃப்ரெண்ட்’ மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு வாஷிங் மெஷினை ரிப்பேர் பண்ணினவர். அவர் என் நம்பரைக் கொடுக்கல. அவர் போன்ல என் நம்பர் இருந்தது, அவ்வளவுதான். பலருக்கு இதைவிட மோசமா நடந்தது. மார்ஃப் பண்ணின போட்டோ, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப், அம்மாவுக்கு மெசேஜ்.

மார்க்கோ போலோ பார்த்த வட்டத்துல ஒருத்தர்தான் நின்னார். இந்த வட்டத்துக்குள்ள 600 கான்டாக்ட் நிக்குது.

2021 ஜனவரியில ரிசர்வ் பேங்க் ஒரு பணிக்குழு போட்டுச்சு. இந்தியாவுல கிடைச்ச கடன் ஆப்கள் சுமார் 1,100, அதுல 600 அளவுக்குச் சட்டவிரோதமானதுன்னு அந்தக் குழு கணக்குச் சொல்லுச்சு. 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை, ரிசர்வ் பேங்க் கட்டுப்பாட்டுல இருக்கற கடன் நிறுவனங்களுக்குக் கோடு போட்டுச்சு. காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது, விடாம கூப்பிட்டுட்டே இருக்கக் கூடாது. மொபைல்லயோ சோஷியல் மீடியாவுலயோ தகாத மெசேஜ் கூடாது, மிரட்டல் கூடாது, பொது அவமானம் கூடாது. குழு லோன் மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்னா நேரம் இன்னும் குறைவு, 9-ல இருந்து 6 வரைக்கும். அடுத்த மாசமே வந்த டிஜிட்டல் கடன் விதி, ஆப்கள் கான்டாக்ட் லிஸ்டையும் கால் லிஸ்டையும் போட்டோக்களையும் தொடக் கூடாதுன்னுச்சு. கூகுளும் 2023 மே கடைசியில இருந்து தன் ஸ்டோர்ல இருக்கற தனிநபர் கடன் ஆப்களுக்கு அதையே கட்டாயமாக்குச்சு. 2025-ல தமிழ்நாடு சட்டமன்றம், கடன் நிறுவனங்களோட வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கத் தனிச் சட்டமும் போட்டிருக்கு.

சரி, நீங்க கேட்ட நேரடிப் பதில். வாசல்ல ஏஜென்ட் வந்தா அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் கேளுங்க, போட்டோ எடுத்துக்கங்க. 7 மணிக்கு மேல கால் வந்தா நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட். மிரட்டினா ரெக்கார்ட். எல்லாத்தையும் சேர்த்து முதல்ல பேங்குக்கே எழுத்துல புகார் கொடுங்க. மெயில் போதும், போன்ல சொன்னா கணக்குல வராது. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம், 14448-ல விவரம் கேட்கலாம். 2021 திட்டத்துல மன உளைச்சலுக்குன்னே ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் இழப்பீடு உண்டு. உயிருக்கு மிரட்டல், மார்ஃப் பண்ணின படம் இதெல்லாம் வந்தா ஓம்புட்ஸ்மேனுக்காகக் காத்திருக்காதீங்க. அது போலீஸ் கேஸ், சைபர் குற்றம்னா 1930. பேர் ஊர் தெரியாத ஆப்புக்கு ரிசர்வ் பேங்க் விதி ஒரு பொருட்டே இல்ல, அங்க இந்த வழி மட்டும்தான்.

புகார் கொடுத்ததால கடன் கரையாது, வட்டியும் நிக்காது. அந்தப் பேச்சு வார்த்தையைத் தவணை நீட்டிப்புன்னோ செட்டில்மென்ட்னோ தனியா, எழுத்துல நடத்துங்க.

செட்டில்மென்ட்னு சொன்னதும் உடனே யாராவது கேட்பீங்க, ‘சிபில் என்ன ஆகும்?’னு. 2000-ல தொடங்கின ஒரு கம்பெனி நம்ம நாணயத்தை மூணு இலக்க எண்ணா எப்படி மாத்துச்சு, அந்த எண்ணுல தப்பு இருந்தா யாரைக் கேட்கறதுன்னு அடுத்த எபிசோட்ல பேசறேன்.